புத்தகம் பிடித்த கை

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்க வந்து மூன்று வருடமாகிறது. போன விடுமுறையில் மாஸ்கோ போனபோது திரெத்யாகோவ் காலரியில் ஒரே ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். செம்யோன் சுய்கோவ் 1948ல் வரைந்த 'சோவியத் கிர்கீசியாவின் மகள்'. கிர்கீசியா என்பது கிர்கிஸ்தானின் அன்றைய பெயர்.

பள்ளிக்கூடம் போகிற ஒரு கிராமத்துப் பெண். சிவப்புத் தலைத்துணி, கையில் புத்தகங்கள். அவ்வளவுதான் படம். ஆனால் அடிவானத்தைத் தாழ வைத்து, அவள் தலையையும் தோளையும் முழுக்க வானத்தில் நிறுத்திவிட்டார் சுய்கோவ். அதனால் அந்தச் சின்னப் பெண் மலை மாதிரி தெரிகிறாள். பின்னால் கிடக்கும் நிலத்தின் வெளிச்சம் எனக்குப் பழக்கமானது. இங்கே ஊரைத் தாண்டினால் புல் காய்ந்து அப்படித்தான் கிடக்கும். சுய்கோவும் இந்த ஊர்க்காரர்தான். 1902ல், இதன் பெயர் பிஷ்பெக்காக இருந்தபோது பிறந்தவர். பின்னாளில் இந்தியாவுக்கும் வந்து நம் உழைப்பாளிகளை வரைந்திருக்கிறார்.

கிர்கீசியக் கூட்டுப்பண்ணை வாழ்க்கையைப் பற்றி அவர் வரைந்த வரிசையில் இதுவும் ஒன்று. அந்த வரிசைக்கு 1949ல் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அரசு விரும்பிய படம் என்பது உண்மைதான். கூட்டுப்பண்ணைக்காக மக்கள் பட்ட பாடு இதில் இல்லை. அதற்காக அவள் நடையைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திரும்பி வந்ததும் போனில் எடுத்த படத்தை எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அபா என்றுதான் கூப்பிடுவோம்; எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா கிர்கீஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதியவராம். அந்தத் தாத்தாவின் மகள், அதாவது அபாவின் அம்மா, லத்தீன் எழுத்தில் 'அ' படிக்க ஆரம்பித்து, 1940க்குப் பிறகு ரஷ்ய மொழியின் எழுத்தான சிரிலிக்கில் மறுபடி முதலிலிருந்து படித்தாராம். அப்பாவும் மகளும் ஒரே மொழியைத்தான் பேசினார்கள், ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவரால் வாசிக்க முடியாது. படத்தில் இருப்பவள் கையிலும் அந்தப் புது எழுத்துப் புத்தகங்கள்தான் இருக்க வேண்டும். அப்புறம்தான் எனக்கு அந்தக் கை சரியாகக் கண்ணில் பட்டது.

அபா ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி, இரண்டு விரலால் அந்தக் கையைப் பெரிதாக்கினார். "எங்கம்மாவும் பையில்லாமல் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனாளாம்," என்றார். டீ ஆறும் வரை போனைத் திருப்பித் தரவில்லை.