வீவக வீட்டில் மின்னணு டிரம் பதிவு

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் மின்னணு டிரம்மைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, காதில் ஹெட்போன் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை நேராது என்று நம்பியிருந்தேன். ஆனால், சத்தத்தைக் குறைக்கும் வலைத்துணித் தோல் பொருத்திய பேடுகளின் தட்டல் அறைக்குள்ளேயே அடங்கினாலும், கிக் பெடலின் ஒவ்வொரு மிதியும் கான்கிரீட் தளத்தின் வழியாக அதிர்வாக இறங்கிக் கீழ்வீட்டு அக்காவின் தலைக்கு மேல் கேட்டிருக்கிறது. அவர் கோபமின்றி வந்து சொன்ன அன்றே, இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து ஒரு மேடை அமைத்தேன். அதிர்வு பெருமளவு குறைந்துவிட்டதாகப் பின்னர் அவரே கூறினார்.

பதிவைப் பொறுத்தவரை, எல்லா டிரம்களும் சேர்ந்து இடம், வலம் என இரு தடங்களில் வரும் ஸ்டீரியோ ஒலி மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. அதில் காலால் இயக்கும் கிக் டிரம்மும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் கலந்துவிடுவதால், பிறகு ஸ்னேரை மட்டும் தனியே உயர்த்த முடியாது. 1983-இல் அறிமுகமான மிடி முறையோ ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தப் பேடு, எந்தக் கணத்தில், 1 முதல் 127 வரையிலான எந்த அழுத்தத்தில் அடிக்கப்பட்டது என்பதை மட்டுமே குறித்துக்கொள்வதால், வாசித்து முடித்து ஒரு மாதம் கழித்துக்கூட வேறொரு டிரம்மின் ஒலியை அதற்குப் பொருத்தலாம். ஆகவே, யுஎஸ்பி வழியாக மிடியையும் ஆடியோ கேபிள் வழியாக ஒலியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறேன்.

வாசிக்கையில் கணினியின் ஒலியைக் கேட்பதில்லை. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (48,000 ஹெர்ட்ஸ்) எடுக்கையில், கணினி ஒலியைத் தற்காலிகமாகத் திரட்டி வைக்கும் பஃபர் 1,024 மாதிரிகளாக இருந்தால், அதுவே ஏறத்தாழ 21 மில்லிவினாடித் தாமதம். அந்தச் சிறு இடைவெளியிலேயே என் லயம் தடுமாறிவிடும். டிரம் கருவியின் சொந்த ஒலியையே ஹெட்போனில் கேட்டு வாசிக்கிறேன்.