மடுவத்து வரிசையும் என் பஃபர் கணக்கும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள சரிவில் மழை, மண் ஈரம், நிலச் சாய்வு மூன்றையும் அளக்கும் 8 கணுக்களை, அதாவது அளந்ததை ரேடியோ அலையில் அனுப்பும் சின்னக் கருவிகளை, நட்டு வைத்தேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். தலைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

வெயில் நாட்களில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 5 நிமிடத்துக்கு ஒரு பொதி (ஒரு தடவையில் அனுப்பும் அளவுகளின் கட்டு), ஒன்றும் தவறவில்லை. மழை பிடித்தால் ஒவ்வொரு கணுவும் 10 விநாடிக்கு ஒன்று அனுப்பும்படி எழுதியிருந்தேன். முதல் பெருமழையில் பாதிக்கு மேல் காணோம். பனிமூட்டத்தைத் திட்டினேன். அது பாவம், இந்தச் சின்னத் தூரத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மூட்டம் ஒன்றும் செய்யாது. நனைந்த இலைகள் கொஞ்சம் குடிக்கும், ஆனால் இவ்வளவா?

இரண்டு நாள் குடை பிடித்துக்கொண்டு நின்றுதான் கண்டுபிடித்தேன். மற்ற 7 கணுக்களின் பொதியும் கடைசிக் கணு வழியாகத்தான் கோயிலில் உள்ள பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி இணையத்துக்கு அனுப்பும்போது 40 விநாடி வரை காதைப் பொத்திக்கொள்ளும். அதற்குள் 10 விநாடிக்கு 8 வீதம் 32 பொதிகள் வந்து சேரும். நான் வைத்திருந்த பஃபரில், அதாவது பொதிகள் வரிசையில் காத்திருக்கும் நினைவக இடத்தில், 10க்குத்தான் இடம். ஏன் 10? எங்கேயோ பார்த்த மாதிரி நிரலில் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

சரி, 32 ஆக்கினேன். பொதி ஒன்று 24 பைட், மொத்தம் 768. கணுவில் உள்ள சிப்புக்கு, அட்மெகா 328, இருப்பதே 2 கிலோபைட் ராம் (நினைவகம்). அதில் பாதிக்கு மேல் நிரலே எடுத்துக்கொண்டது. மேசையில் நன்றாக ஓடியது. மழை இரவில் ஸ்டாக் (நிரல் ஓடும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் நினைவகம்) வளர்ந்து பஃபரை இடித்து, கணு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் நிலையான அளவைத்தான் காட்டும், ஸ்டாக் எவ்வளவு வளரும் என்று சொல்லாது. அதை நான் அந்த இரவில்தான் படித்தேன்.

நண்பன் ஒரு இஎஸ்பி32 பலகை தந்தான். 520 கிலோபைட் ராம்! ஆசை தீர 3000 இடம் ஒதுக்கினேன். ஒரு பின்னேரம் கோயிலில் 1 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வந்த பிறகு பார்க்கிறேன், வெளியே கொட்டுகிறது, திரையில் தூறல். தேங்கியவை 2880 பொதிகள். விநாடிக்கு 2 போகும், 0.8 புதிதாக வரும். வரிசை கரைய 40 நிமிடம். ஒன்றுமே தொலையவில்லை, ஆனால் எல்லாமே பழசு. பெட்டரியும் 2 நாளில் படுத்துவிட்டது.

இரவு அம்மாவிடம் புலம்பினேன். அவர் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்; மடுவம் என்பது கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. "கொழுந்த நேரத்துக்கு மடுவத்துல நிறுத்து லொறியில ஏத்தாம சாக்குல அமுக்கி வச்சா சூடேறிக் கெட்டுப்போகும் மகன். பெரிய சாக்கு வாங்கினா மட்டும் கெடாதா?" என்றார்.

எத்தனை பொதி என்று மட்டும் கணக்குப் பார்த்த நான், அவை எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கும் என்று பார்க்கவே இல்லை. பழைய சிப்புக்கே திரும்பினேன். எழுத்தாக அனுப்பிய அளவுகளை எண்ணாகச் சுருக்கியதும் பொதி 12 பைட் ஆனது. கடைசிக் கணுவில் 40 இடம், 480 பைட். ஓரத்துக் கணுக்களுக்கு 4 போதும். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்ததுதான் முதல் பிழை. நிறைந்தால் பழைய மண் ஈரப் பொதி முதலில் வெளியே போகும், சாய்வுப் பொதியில் கை வைப்பதில்லை. மழைக்கு இன்னொரு வேலை செய்தேன். மழைமானியின் சின்ன வாளி நிறைந்து ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர் மழை. அந்த 10 விநாடியின் எண்ணிக்கைக்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து கவிழ்ந்த மொத்தத்தை அனுப்பினேன். நடுவில் 5 பொதி போனாலும் ஆறாவது கணக்கைச் சரிசெய்துவிடும். இந்த ஒன்றை முதலிலேயே செய்திருக்கலாம்.

இப்போது 40 விநாடி மௌனத்துக்குப் பிறகு வரிசை அரை நிமிடத்துக்குள் கரைகிறது. அப்புறம் ஒரு விஷயம்: கோயில் பெட்டி காதைப் பொத்தாதபடி நிரலை எழுதியிருந்தால் இந்தக் கணக்கில் பாதி தேவையே இல்லை. நல்லவேளை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் அதைக் கேட்கவில்லை.