பொடிமீனும் முருங்கைக்கீரையும்

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போகும் பெண்கள் பலரும் என்னிடம் சொல்வது இதுதான்: "மீன் நல்லதுதான் அக்கா, ஆனா காலையில அதை ஆயறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?" இன்றைக்கு அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மீன்காரம்மா ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கூடையில் பெரிய விளமீனும் இருந்தது, சூடை என்கிற பொடிமீனும் இருந்தது. "விளமீனை லீவு நாள்ல எடுத்துக்க தாயி. இன்னைக்குச் சூடையை வாங்கிக்க, ராத்திரி வத்தையில வந்தது" என்றார். வத்தை என்பது சின்ன நாட்டுப்படகு. அரைக் கிலோ வாங்கினேன்.

சூடையை ஆயக் கத்தி தேவையில்லை. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அப்புறம் மண்சட்டியில் போட்டு, கல்லுப்பு ஒரு கை சேர்த்து, சட்டியின் சொரசொரப்பில் உரசவேண்டும். செதிள் உதிர்ந்து மீன் வெள்ளி மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். மூன்று தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளுக்குக் காத்திருக்கிற ஊர் இது. அலசிய தண்ணீரில் உப்பில்லாத கடைசித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறேன்.

பாதி மீன் குழம்புக்கு, பாதி பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு. டிபனுக்குப் புட்டுதான் நல்லது. மஞ்சள், உப்புப் போட்டு ஐந்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் சதை தனியாக வந்துவிடும். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு, நீர் சுண்டியதும் ஒரு பிடி தேங்காய்த்துருவல். எண்ணெய் இரண்டு கரண்டிக்கு மேல் போகாது. பிள்ளைகள் முள் குத்தும் என்று பயப்படாமல் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். எட்டே காலுக்கு ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

பெரிய மீன்தான் சத்து என்ற எண்ணம் இங்கே கடற்கரையிலேயே இருக்கிறது. சூடையிலும் மத்தியிலும் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். விலையோ கால்வாசிதான். அவசரமாகச் சமைக்கிற வீட்டுக்குப் பொடிமீனை விட ஏற்றது எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எங்கள் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது பழைய ஏற்பாடு. என் வீட்டுக்காரர் போகும் படகு விசைப்படகு. நேற்றுப் போனவர் காலையில் கறிக்குக் காரல் மீன் கொண்டுவந்தார். அத்தைக்குச் சளி பிடித்திருந்ததால் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுத் தண்ணியாக வைத்தேன். புளியும் தேங்காயும் சேர்க்கவில்லை. இருபது நிமிட வேலை.

ஐஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சூடை, மத்தி, அயிலை இந்த மூன்றும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பில் தடிப்பு வரும், தலை வலிக்கும். "நல்லா கொதிக்க வச்சிட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை. மாலையில் வாங்குகிறவர்கள் ஐஸோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆய்ந்து குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவருடைய படகு காலையில் கரை சேர்ந்துவிட்டது. நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம்.

எனக்கு வாரத்தில் கை ஓய்வாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். அப்போது ஒரு மசாலா அரைத்து வைத்துக்கொள்கிறேன். முண்டு மிளகாய் பதினைந்து, கொத்தமல்லி மூன்று கைப்பிடி, சீரகம் இரண்டு கரண்டி, மிளகு ஒரு கரண்டி. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் லேசாக வறுத்து, வதக்கிய சின்ன வெங்காயத்தோடு கெட்டியாக அரைக்கவேண்டும். தேங்காய் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கெட்டுவிடும். தேங்காயை அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ளலாம். ஈரமில்லாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். மீன்குழம்பு, கருவாட்டுக்குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு மசாலாவே போதும்.

முண்டு மிளகாய் நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சொத்து. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். குழம்புக்கு நிறமும் வாசமும் தரும். பாக்கெட் மிளகாய்த்தூளில் அந்த வாசம் கிடைக்காது. பக்கத்துக் கிராமங்களில் காயவைத்து விற்கிறவர்களிடம் ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கி, இன்னொரு முறை வெயிலில் போட்டு எடுத்துவைத்தால் வண்டு வராது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கிழக்குக் கரை முழுக்க மீன் குஞ்சு பொரித்துப் பெருக விடுகிற காலம். அது தேவை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது 8,000 ரூபாய். அதோடு என் சம்பளம். இரண்டு மாதத்துக்கும் அடுப்படிக் கணக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

எழுதிப் பார்த்தேன். கொல்லையில் முருங்கை இருக்கிறது. முட்டை ஒன்றில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் நான்கைந்து விசிலில் வெந்துவிடும். வத்தைக்காரர்கள் பிடிக்கிற மீன் வரும், ஆனால் விலை ஏறும். வாரத்துக்கு ஒருமுறை கால் கிலோ சூடை வாங்கலாம். கோழிக்கறிக்குப் போவதைவிட அது மலிவு.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றைக்கு மதியச் சமையல் அவருடையது. நான் காலையில் மூன்று அடுப்பு வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "போட்டுல அஞ்சு பேருக்கு ஒரே சட்டியிலதான் ஆக்குறோம். நீ எதுக்கு இத்தனை ஏனத்தை விளக்குற?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். சரி, ஆக்குங்கள் என்று விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

வைத்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தலையைக் கிள்ளி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மணல் போக அலசியிருக்கிறார். கத்தரிக்காய், முருங்கைக்காய், புளிக்குப் பதிலாகப் பச்சை மாங்காய், ஞாயிற்றுக்கிழமை அரைத்த மசாலா. எல்லாம் ஒரே சட்டியில், தாளிப்புக்கூட இல்லை. இறக்கும்போது பச்சையாக ஒரு கரண்டி நல்லெண்ணெய். ராத்திரி வந்து சாப்பிட்டபோது மாங்காயின் புளிப்பு கருவாட்டில் நன்றாக இறங்கியிருந்தது.

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. அதனால் கருவாட்டில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு கைப்பிடிக் கருவாடே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். கருவாடு வைத்தால் குழம்பில் தனியாக உப்புப் போடுவதில்லை. அன்றைக்கு அப்பளம், ஊறுகாய் இரண்டும் கிடையாது. அத்தைக்குக் காய் மட்டும்தான். "கருவாட்டுக் கொழம்புல கருவாடு இல்லாமயா?" என்று கேட்டார்கள். ஒரு நெத்திலி வைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வெயில் தாங்கவில்லை. காலையில் எல்லாருக்கும் நீராகாரமும் பழைய சோறும்தான். சிவப்பரிசிச் சோறு, மோர், சின்ன வெங்காயம். அடுப்பே பற்றவைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கூடவே நுங்கு. கருப்பட்டி காப்பியில் சத்து இருக்கிறது என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைச் சர்க்கரையைப் போலவே கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

மதியத்துக்கு முருங்கைக்கீரை முட்டைப் பொரியல். கீரையைக் காம்போடு ஒரு துணியில் சுற்றி ராத்திரியே வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலை தானாக உதிரும். உருவிக்கொண்டு உட்கார வேண்டாம். பெரியவள் அதைச் செய்துவிடுகிறாள். வெங்காயம் வதங்கியதும் கீரையைப் போட்டு, மூடாமல் வதக்கினால் பச்சை நிறம் மாறாது. ஐந்து நிமிடத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி இறக்கினால் ஆயிற்று. தட்டில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளப் எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேராமல் தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். வயதுக்கு வந்த பெண்பிள்ளை உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

ராத்திரிக்குக் குதிரைவாலிக் கஞ்சியும் பாசிப்பயறுத் துவையலும் என்று அவரே சொல்லியிருக்கிறார். துவையலுக்குத் தேங்காய் மட்டும் நான் வரும்போது வாங்கிவரவேண்டும்.