பிடிபடாத படபடப்பு

வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கீழ்த்தட்டில் இருக்கும் பில் புத்தகத்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தால், சுவிட்சைப் போட்டதுபோல இதயம் ஓடத் தொடங்கும். பத்து நிமிடத்தில் சட்டென்று நின்றும் விடும். மூன்று ஆண்டுகளாக ஒருவர் வாயு என்றார், இன்னொருவர் மனப்பதற்றம் என்று தூக்க மாத்திரை எழுதினார். பெண்கள் சொன்னால் பதற்றம் என்பது எளிதான முடிவு போலும். இதயத்துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்யும் 24 மணி நேர ஹோல்டர் கருவியை மார்பில் ஒட்டிக்கொண்டு திரிந்த அன்று மட்டும் இதயம் நல்லபிள்ளையாக இருந்தது.

ஒரு மாலை அரை மணி நேரமாகியும் அது நிற்கவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோ காத்துக் கிடந்தபோது, மருத்துவமனை போய்ச் சேருமுன் படபடப்பு நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது. ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 190. காலி ஊசிக்குழலை 15 வினாடி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு இந்த ஓட்டத்தை நிறுத்தும் அடினோசின் என்ற மருந்தை 6 மில்லிகிராம் ஏற்றினார்கள். நெஞ்சு அமுங்கி, இத்தோடு முடிந்தோம் என்று தோன்றிய சில வினாடிகளில் எல்லாம் அடங்கியது. அந்த ஈசிஜி தாள் வெப்பத்தாள், நாளடைவில் மங்கிவிடும், லேமினேஷன் செய்தாலோ கறுத்துவிடும் என்று செவிலியர் சொன்னதால் அன்றிரவே ஜெராக்ஸ் எடுத்தேன்.

இதய மின்னோட்ட மருத்துவர் அதைப் பார்த்ததும் விளக்கினார்: மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணு என்ற இடத்தில், வேகமானதும் மெதுவானதுமாக எனக்கு இரண்டு பாதைகள், மின்துடிப்பு அவற்றில் வட்டமடிக்கிறது. மெதுவான பாதையைச் சூட்டால் செயலிழக்கச் செய்யலாம். இயல்பான பாதை அருகிலேயே இருப்பதால் அதுவும் சேதமடைந்து, ஏறத்தாழ நூறில் ஒருவருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்றதும், என் கணவர் கையெழுத்திட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

துடிப்புக்கான மாத்திரைகளைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்தினார்கள். தொடை இடுக்கை மரக்கச் செய்து, ரத்தக்குழாய் வழியே கதீட்டர் எனும் மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தினார்கள்; நான் விழித்தே இருந்தேன். மூன்று ஆண்டுகளாக நான் காட்ட முடியாமல் தவித்த அதே ஓட்டத்தை மின்தூண்டலால் வரவழைத்தபோது, பயத்தைவிட நிம்மதிதான் மிகுந்தது. சூடு கொடுத்தபின் மீண்டும் மீண்டும் தூண்டியும் அது வரவில்லை. பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்ததுதான் பெரும்பாடு.

சில வாரங்கள் ஓரிரு துடிப்பு தவறி விழும். மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன், தொடராது. கீழ்த்தட்டுப் பில் புத்தகத்தைக் கடைப்பையனைக் கூப்பிடாமல் நானே குனிந்து எடுத்தது தை பிறந்த பிறகுதான்.