பழைய ஹார்டுவேர் கடைகளில் ஷ்ரேட் பேனாக்கத்தி தேடல்: இதுவரை கிடைத்தவை

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே வால்டன், எல்லன்வில் என்று இரண்டு சிற்றூர்கள். பேனாக்கத்தி சேர்ப்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் அத்துப்படி. வால்டனில் ஓடும் வால்கில் ஆற்றின் நீர்விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கத்தி ஆலைகள் வந்துவிட்டன. 1904இல் ஷ்ரேட் சகோதரர்கள் தங்கள் பெயரிலேயே கத்திக் கம்பெனியைத் தொடங்கியதும் அந்த ஊரில்தான். 1946இல் ஆல்பர்ட் பேர் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். 1950களின் இறுதியில் உற்பத்தி எல்லன்விலுக்கு மாறியது. 2004 ஜூலையில் ஆலையை மூடினார்கள். சுமார் 250 பேருக்கு வேலை போனது. பெயரை வேறொரு கம்பெனி வாங்கிக் கத்திகளைச் சீனாவில் செய்யத் தொடங்கியது. அதனால் ஷ்ரேடின் 'ஓல்டு டைமர்' வரிசையின் பெயரில் இன்றும் புதுக் கத்தி கிடைக்கும். எல்லன்வில்லில் செய்த ஓல்டு டைமர் வேண்டுமென்றால் விற்காமல் எங்கோ தங்கிப்போனதைத்தான் தேட வேண்டும்.

வேலை நிமித்தம் நான் பொக்கீப்சியில் இருக்கிறேன். எல்லன்வில் காரில் ஒரு மணி நேரத் தூரம். ஆலை இருந்த வட்டாரத்திலேயே இருந்துகொண்டு இந்தக் கத்திகளை இணைய ஏலத்தில் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு காரணமும் உண்டு. ஏலத்தில் வரும் பல கத்திகளை விற்பவர் பஃபிங் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கியிருப்பார். முத்திரை மழுங்கியிருக்கும், பிளேடின் விளிம்புகள் உருண்டிருக்கும். பிளேடைத் திறந்து மூடும்போது ஸ்ப்ரிங் எப்படி அடிக்கிறது என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. கடையில் விற்காமல் கிடந்த கத்தியில் யார் கையும் பட்டிருக்காது. தூசியும் காய்ந்த எண்ணெயும் இருக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கடைக்குப் போவது என்பதில் இப்போது ஓரளவு பிடி கிடைத்திருக்கிறது. சரக்கு முழுவதும் கம்ப்யூட்டர் கணக்கில் இருக்கும் கடைகளில் பழையது தங்காது. விற்காததைத் தள்ளுபடியில் போட்டுத் தீர்த்துவிடுவார்கள். ஆணியை எடை போட்டுக் கொடுக்கும் கடை, ஜன்னல் வலையை அளந்து வெட்டிக் கொடுக்கும் கடை, ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக நடத்தும் கடை, இவற்றில்தான் வாய்ப்பு. முதலில் பார்க்க வேண்டிய இடம் சாவி வெட்டும் இயந்திரத்தின் பக்கம். கத்திகள் திருட்டுப் போகும் என்பதால் கண்ணாடிப் பெட்டியைக் கல்லாவுக்கு அருகிலேயே வைப்பது வழக்கம், சாவி இயந்திரமும் அங்கேதான் இருக்கும். ஆனால் பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. கண்ணாடிக்குள் புதுச் சரக்கை வைக்க இடம் வேண்டும்போது பழையதை எடுத்துக் கீழே வைத்திருப்பார்கள். கேட்டால்தான் வெளியே வரும்.

இந்த முறை நல்ல பலன் கிடைத்த கடையும் அப்படிப்பட்டதுதான். கண்ணாடிப் பெட்டியில் இருந்தவை எல்லாம் இப்போதைய சரக்கு. கடையை நடத்தும் பெரியவரிடம், எல்லன்வில் ஆலை இருந்த காலத்துக் கத்தி ஏதாவது மீதி இருக்குமா என்று கேட்டேன். ஆலையின் பெயரைச் சொன்னதுமே அவர் முகம் மாறியது. "எங்க வாடிக்கையாளர்ல பாதிப் பேர் அங்கே வேலை பார்த்தவங்க" என்றார். பெட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையை இழுத்து மேசைமேலேயே வைத்துவிட்டார். கதவுக் கீல், பழைய பூட்டு, விலைச்சீட்டுக் கட்டு, அவற்றுக்கு நடுவே அட்டைப்பெட்டிகள்.

முதலில் வந்தது 34ஓடி என்ற மாடல். 'ஓடி' (OT) என்பது ஓல்டு டைமரின் சுருக்கம். ஓல்டு டைமர் வரிசை 1959இல் தொடங்கியது. அதில் பரவலாக விற்றவற்றில் இது ஒன்று. மடக்கினால் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஸ்டாக்மேன் வகை, அதாவது மாடு வளர்ப்பவருக்கான மூன்று பிளேடு கத்தி. நுனி கூர்மையான கிளிப் பிளேடு எல்லா வேலைக்கும். நேர்விளிம்புள்ள ஷீப்ஸ்ஃபுட், பலகையில் கோடு கிழிக்கவும் கயிறு அறுக்கவும். மூன்றாவது 'ஸ்பே', கன்றுகளுக்குக் காயடிக்க வைத்தது. தவறிக் குத்திவிடக் கூடாது என்பதற்காக அதன் நுனியை மழுக்கியே செய்வார்கள். பிடி பழுப்பு டெல்ரின் பிளாஸ்டிக், ரம்பம் கீறியது போன்ற வரிகளோடு. மூன்று பிளேடும் உள்ளே ஒன்றோடொன்று உரசாமல் படுத்திருந்தன. அதற்காக ஆலையில் பிளேடை லேசாக வளைத்துப் பொருத்துவார்கள். ஒல்லியான பிடிக்குள் மூன்றையும் அடக்கும் அந்தக் கைவேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

காலத்தைக் கண்டுபிடிக்கப் பிளேடின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் இருக்கும் முத்திரையைப் படிக்க வேண்டும். 'ஷ்ரேட் வால்டன்' என்று இருந்தால் ஏறத்தாழ 1973க்கு முந்தையது. ஊர்ப்பெயரைப் பார்த்து வால்டனில் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஓல்டு டைமர் வரும் முன்பே ஆலை எல்லன்விலுக்குப் போயாகிவிட்டது, பழைய ஊரின் பெயர் மட்டும் முத்திரையில் தொடர்ந்தது. அதற்குப் பின்னால் வந்தவற்றில் வால்டன் இருக்காது, 'ஷ்ரேட் யு.எஸ்.ஏ.' என்பதோடு மாடல் எண்ணும் இருக்கும். 2004க்குப் பிந்தையவற்றில் பொதுவாக யு.எஸ்.ஏ. இருக்காது. பிளேடின் நிறமும் உதவும். எல்லன்வில் ஓல்டு டைமர்கள் பெரும்பாலும் 1095 என்ற, நாளடைவில் கறுக்கும் கார்பன் ஸ்டீல்; பெயர் கைமாறிய பிறகு வந்தவை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். இழுப்பறையில் இருந்த 34ஓடி-யில் யு.எஸ்.ஏ.வும் மாடல் எண்ணும் இருந்தன. ஆக 1973க்குப் பின், 2004க்கு முன்.

கேஸ் கத்திகளில் இந்த வேலை இன்னும் சுலபம். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் கம்பெனி, 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆறு புள்ளி என்றால் 1974. மாடல் எண்ணும் பேசும்: முதல் இலக்கம் பிடியின் பொருள், அடுத்தது பிளேடுகளின் எண்ணிக்கை, மீதி வடிவ எண். 3318 என்றால் மஞ்சள் பிடி, மூன்று பிளேடு, 18ஆம் வடிவம். ஷ்ரேடும் இப்படிச் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது பெட்டியில் எல்பி7. ஷ்ரேடின் 'அங்க்கிள் ஹென்றி' வரிசையின் பெரிய லாக் கத்தி (திறந்த பிளேடு பூட்டிக்கொள்ளும்), மடக்கியே ஐந்து அங்குலம், பித்தளை முனைகள், தோல் உறை. ஹென்றி என்பவர் ஆல்பர்ட் பேரின் சகோதரர். இந்த வரிசைக்கு ஒரு வினோதமான உத்தரவாதம் இருந்தது: வாங்கிய ஓராண்டுக்குள் கத்தி தொலைந்துபோனால்கூட வேறு கத்தி தருவார்கள். பதிவு அட்டை நிரப்பப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அனுப்ப வேண்டிய ஆலைதான் இல்லை. கத்தியைவிட அந்த அட்டையைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் சாமான்கள் இருந்த வரிசையை ஒருமுறை பார்த்தேன். கட்டிங் பிளையருக்குப் பின்னால் கமிலஸ் கம்பெனியின் கத்தி ஒன்று தொங்கியது! டிஎல்-29 வகை: ஒரு பிளேடு, கூடவே திருகும்போது மடங்காமல் பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூடிரைவர். அமெரிக்க ராணுவத்தின் தொலைத்தொடர்புப் படையினர் வைத்திருந்த வடிவம், பிறகு மின்வேலை செய்பவர்களிடம் பரவியது. சிராக்யூஸ் பக்கத்தில் இருந்த கமிலஸ் ஆலை 2007இல் மூடப்பட்டது. கடைக்காரர்களுக்கு இது கத்தி அல்ல, வயர்மேன் சாமான். கத்திப் பெட்டியில் மட்டும் தேடுகிறவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள். இப்போது தோட்டச் சாமான் வரிசையையும் விடாமல் பார்க்கிறேன். செடிகளை ஒட்டுக்கட்டப் பயன்படும் ஒட்டுக்கத்தி அங்கே இருக்கும்.

விலை பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிகளில் பழைய சீட்டு அப்படியே இருந்தது. பெரியவர் அந்த விலைக்கே கொடுக்கத் தயார். இன்று சேர்ப்பவர்கள் இதைவிட அதிகம் கொடுப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்து ஒரு விலை சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். கடைக்காரருக்குத் தெரியாததை வைத்து லாபம் பார்ப்பதை இந்தப் பொழுதுபோக்கில் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த விலை நியாயமாக இருந்ததால்தான், மாடியில் இருக்கும் சரக்கைப் பற்றியும் அவர் வாய் திறந்தார்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு நடந்த வேலை. 34ஓடி-யின் ஸ்பே பிளேடு அசையவே இல்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் உடையும். இடுக்கியால் இழுத்தால் பிளேடில் தழும்பு விழும். மூட்டுகளில் மினரல் ஆயில் விட்டு இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வைத்தேன். காலையில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டியதும் இளகியது. அப்புறம் திறந்து மூடித் திறந்து மூடி, வெளியே வரும் கறுப்பு எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பல்குச்சி, பைப் கிளீனர். உடனே முழுக்க உலர்த்தி மறுபடியும் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் சுத்தமாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது மறுபடியும் பிசினாகும்.

முத்திரைக்கு அருகே செந்துரு இரண்டு பொட்டுகளாக இருந்தது. மிக மெல்லிய, 0000 எண் கொண்ட எஃகுக் கம்பளியை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் தேய்த்தேன். ஆலையில் பிளேடுமேல் விழுந்த மெருகுக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. எல்பி7-இல் பித்தளைமேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தோல் உறைக்குள்ளேயே வைத்ததன் விளைவு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிடும்போது சேர்ந்த ரசாயனமும் அதில் இருக்கும். துடைத்து எடுத்துவிட்டேன். இனி கத்தி வேறு, உறை வேறு. உங்களிடம் உறையோடு கத்தி இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள்.

எல்பி7-ஐத் தீட்டவில்லை. அட்டையும் பெட்டியும் சேர்ந்தே முழுமையாகக் கிடைத்ததால் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு. 34ஓடி-யைத் தினமும் பயன்படுத்துகிறேன். சாணைக்கல்லில் சில நிமிடங்களில் 1095 நல்ல கூர் பிடித்துவிட்டது. இந்த எஃகை விரும்ப அது ஒன்றே போதும். எல்லன்வில் இருக்கும் அல்ஸ்டர் கவுண்டியின் ஆப்பிள் பருவத்தில் பழம் நறுக்கி நறுக்கி, பிளேடில் சாம்பல் நீலப் படலம் வந்திருக்கிறது. நம் வீட்டு இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுக்குமே, அதுபோலத்தான். இதைத் தேய்த்து எடுக்கக் கூடாது, செந்துரு பிடிப்பதை இது ஓரளவு தடுக்கும். வேலை முடிந்ததும் துடைத்தால் போதும்.

கமிலஸில் ஸ்க்ரூடிரைவர் பூட்டு இன்னும் சற்று இறுக்கமாக இருக்கிறது. இன்னொரு இரவு எண்ணெயில் வைக்க வேண்டும்.

அடுத்துத் தேடுவது வால்டன் முத்திரையுள்ள 8ஓடி. 34ஓடி-யின் அண்ணன், மடக்கினால் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கடையின் மாடியில், தன் அப்பா எடுத்து வைத்த பெட்டிகள் சில பிரிக்காமல் இருக்கின்றன என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். குளிர் குறைந்ததும், இருப்புக் கணக்கு எடுக்கும் வாரத்தில் வரச் சொன்னார். பெட்டி இறக்க ஆள் வேண்டுமாம். நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.