தீர்மானப் பதிவேட்டைத் தேடி ஏழு மாதங்கள்

அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபையில், மேலத்தெருக் கழிவுநீர் ஏரிக்குள் இறங்காதபடி வடிகாலைத் திருப்பிவிட வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். கூடியிருந்தவர்கள் கைதூக்கி ஏற்றுக்கொண்டார்கள். நவம்பரில் விசாரித்தபோது, அப்படியொரு தீர்மானமே நிறைவேறவில்லை என்று வாய்மொழியாகப் பதில் வந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். வேலையை ஏன் தொடங்கவில்லை, அதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் கேட்டிருந்தேன். கோரியவை ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வரவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. முதலில் கோபம் வந்தாலும், சட்டத்தின் 2ஆம் பிரிவை நிதானமாகப் படித்தபோது பிழை என் விண்ணப்பத்தில் இருப்பது புரிந்தது. அலுவலகத்தின் வசம் உள்ள ஆவணத்தைத் தருவதுதான் அவர்களின் கடமை. ‘ஏன்’ என்ற கேள்விக்குப் புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை.

ஆகவே இரண்டாவது விண்ணப்பத்தில் கேள்வி எதையும் எழுதாமல், ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்டேன்: அன்றைய தேதிக்குரிய தீர்மானப் பதிவேட்டின் பக்கங்கள், வந்தவர்கள் கையொப்பமிட்ட பக்கங்கள், கிராம சபையில் வைக்கப்பட்ட வரவு செலவு அறிக்கை. அசல் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று எழுதவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது.

30 நாட்கள் கடந்தும் பதில் இல்லை. பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துவிடுகிறார்கள். கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால், விண்ணப்பம் சேர்ந்த தேதியைக் காட்டும் தபால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது எனக்குக் கைகொடுத்தது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் தகவல் ஆணையத்துக்கே உண்டு. முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு இல்லை. அதனால் என் மனுவில் தண்டனையைக் கோராமல், கெடு தவறினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்ற பிரிவு 7(6)-ஐ மட்டும் சுட்டிக்காட்டினேன்.

மார்ச்சில் பார்வையிட அழைத்தார்கள். நகலை மட்டும் வாங்கியிருந்தால் நான் கண்டதைக் கண்டிருக்க முடியாது. மூன்றாவது தீர்மானத்துக்குப் பிறகு அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, வேறு மையில், சபையில் பேசப்படாத ஒரு செலவினம் நெருக்கமான எழுத்தில் நுழைக்கப்பட்டிருந்தது. வடிகால் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 3,000 பேருக்கு மேல் வாழும் எங்கள் ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டியவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை, 200. கையொப்பங்கள் அந்த எண்ணைத் தாண்டியிருந்தன. அன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களில் எண்பது பேர்கூட இருந்திருக்க மாட்டோம். அசலின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், வெற்றிடம் விட்ட பதிவேட்டின் அடியில் கையெழுத்துப் போடுவதற்கு என்ன பொருள் என்பது எனக்கு உறைத்தது.

சான்றளிக்கப்பட்ட நகல்களை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்பினேன். மே 1 கிராம சபையில், தீர்மானங்களை உரக்கப் படித்து, கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டு முடித்த பிறகே கையொப்பமிடுவோம் என்று எங்கள் தெருப் பெண்கள் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். முழுவதும் படிக்கப்பட்டது, வடிகால் நான்காவது தீர்மானமாக ஏறியது. அதற்கான மதிப்பீட்டின் நகலைக் கேட்டுக் கடந்த வாரம் அடுத்த விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறேன்.