பாதை பராமரிப்புப் பயிற்சிக்குப் போகுமுன்: தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

மலைப்பாதைகளைச் சீரமைக்கும் தன்னார்வலர் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உடம்பைத்தான் தயார் செய்கிறார்கள். உடம்பில் தெம்பு வேண்டும்தான். ஆனால் அங்கே கற்றுத் தருவதில் பெரும்பகுதி, பாதையில் விழும் மழைநீரை அது வேகம் பிடிப்பதற்குள் எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாய்ப்பிருந்தால் நீங்களும் அப்படியே தங்குங்கள். தண்ணீரைக் கவனிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மொட்டை மாடியில் வாட்டம் விடுவது போல, பாதையின் பள்ளப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சுமார் 5 சதவீதம், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். நாளாக ஆக, ஆட்கள் நடந்து நடந்து நடுப்பகுதி அமுங்கிவிடும், வெளி விளிம்பில் மண் வரப்பாகச் சேரும். அப்புறம் நீர் வெளியேற வழியில்லாமல் பாதை நெடுகவே ஓடி அதை அரித்துவிடும். அந்த வரப்பை வெட்டி எடுப்பதே பாதி வேலை. இன்னொரு விதியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10க்குள். தாண்டினால் நீர் குறுக்கே கடக்காமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும்.

செய்முறையில் பயிற்றுநர்கள் வெட்டும் வேகத்தைப் பார்ப்பதில்லை, கருவியைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண் கொத்தும் அலகும் உள்ள புலாஸ்கி என்ற கருவியைத் தோளில் சாய்த்து நடக்காதீர்கள். பள்ளப்பக்கக் கையில், இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். கால் வழுக்கினால் உங்களைவிட்டுத் தள்ளி எறிய முடியும். வேலை செய்யும்போது அடுத்தவரிடமிருந்து 3 மீட்டராவது விலகி நில்லுங்கள்.

சரி, தங்குவதற்கு வருவோம். கரையோரப் புதர்களில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருக்கும். போன வெள்ளம் ஏறிய உயரம் அது. அதற்கு நன்றாக மேலே, நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேல்பகுதியில் பெய்த மழை இரவில் வந்து சேரலாம். குளிர்ந்த காற்றும் இரவில் பள்ளத்தில்தான் தேங்கும். ஆற்றை ஒட்டிப் படுத்தால் காலையில் கூடாரம், காலுறை, கையுறை எல்லாம் நனைந்திருக்கும். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க மண் வெட்டினால் கொப்புளம் நிச்சயம்.

குடிநீரை ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். சோப்பு எதுவானாலும் ஆற்றில் கலக்கக் கூடாது.

மாலையில் குறிப்பேட்டைப் புரட்டுவதைவிட, கரையோர ஒற்றையடிப்பாதையில் நடந்து நீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தேடிப் பாருங்கள். மழை தூறினால் இன்னும் நல்லது, உடனே கிளம்புங்கள். பயிற்சி முடிந்த கையோடு ஒரு பணி நாளில் சேர்ந்து, அடைபட்ட வடிகால்களைத் தூர்வாரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பலரும் விரும்பாத வேலை அது. ஆனால் அடுத்த மழையிலேயே பலன் கண்ணுக்குத் தெரியும்.